கதவருகே நிற்கும் கேமரா

பலெர்மோ நகரத்தின் பழைய பகுதியான கால்ஸாவில் பியாத்ஸா க்ரோச்சே தேய் வெஸ்ப்ரி என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. 1282இல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து சிசிலிக்காரர்கள் கிளர்ந்தெழுந்ததை நினைவில் வைத்திருக்கும் பெயர். சதுக்கத்தின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடம் பலாத்ஸோ வல்குவார்னேரா கான்ஜி. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. நிறம் மங்கிய சுவர், வரிசையாகப் பால்கனிகள், கீழே ஸ்கூட்டர்கள், அவ்வளவுதான். இதன் மாடியில்தான் லுக்கினோ விஸ்கோந்தியின் ‘இல் கத்தோபார்தோ’ படத்தின் விருந்து நடனம் எடுக்கப்பட்டது. ‘தி லெப்பர்ட்’ என்று ஆங்கிலப் பெயரால் நாம் அறிந்த படம். 1963இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும் அந்தப் படத்தில், கடைசி முக்கால் மணி நேரம் இந்த விருந்துக்கே போய்விடுகிறது.

என்னோடு வந்தவர் கோடம்பாக்கத்தில் கேமரா உதவியாளராக நுழைந்து, ஃபோகஸ் புல்லராகப் பல வருஷம் இருந்து, ஒளிப்பதிவாளர் என்று டைட்டிலில் பெயர் வராமலேயே ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். இத்தாலியில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க வந்தவரை நான்தான் வற்புறுத்தி சிசிலிக்கு இழுத்து வந்தேன். சதுக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி மாளிகையைப் பற்றியது அல்ல.

“தம்பி, ஜெனரேட்டர் வண்டிய எங்க நிறுத்தியிருப்பான்?”

கோவில் கோபுரத்தைப் பார்த்தாலும் கரன்ட் எங்கிருந்து இழுப்பது என்று யோசிக்கிற சாதி இது. ஆனால் அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருந்தது. இது செட் அல்ல. ஆட்கள் வாழ்ந்த, இன்றும் குடும்பம் வாழ்கிற வீடு. சுவரைக் கழற்ற முடியாது. கூரையைத் தூக்க முடியாது.

முன்கூட்டியே சொல்லிவைத்தால் குழுவாக அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். படியேறி மேல்தளத்துக்குப் போனதும், ஒரு அறையிலிருந்து அடுத்த அறை, அதிலிருந்து அடுத்தது என்று கதவுகள் ஒரே நேர்கோட்டில் திறந்துகொண்டே போகின்றன. 18ஆம் நூற்றாண்டின் பெரிய வீடுகளில் இது வழக்கமான அமைப்பு. நடுவில் தாழ்வாரம் கிடையாது. ஓர் அறைக்குப் போக இன்னொன்றைக் கடந்துதான் ஆகவேண்டும். முதல் அறையில் நிற்பவருக்கு மூன்றாவது அறையில் நடப்பவரின் தோள் தெரியும். நான்காவது அறையில் யாரோ சிரிப்பது கேட்கும். எங்கள் வழிகாட்டி குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் அதைக் காதில் வாங்காமல் ஒவ்வொரு நிலைவாசலிலும் ஒரு கணம் நின்று, கைவிரல்களைச் சட்டம்போல் மடக்கி, எதிர்க்கதவை அளந்துகொண்டு வந்தார்.

கண்ணாடிக் கூடம் எல்லோரும் காத்திருந்த இடம். அங்கே நுழைந்ததும் எனக்கு ஏற்பட்டது வியப்பு என்று சொல்வதைவிட ஒருவகைக் குழப்பம் என்பதே சரி. திரையில் பார்த்து மனதில் கட்டிவைத்த மண்டபம் இதைவிடப் பெரியது. அங்கே நூறு பேர் சுழன்றும் இடம் மிச்சமிருந்தது. இங்கே எங்கள் சின்னக் குழு நின்றதும் கூடம் பாதி நிறைந்துவிட்டதுபோல் இருந்தது. சுவரெல்லாம் பொன்முலாம் பூசிய மரவேலை, இடையிடையே கண்ணாடிகள், கொத்துக் கொத்தாய்த் தொங்கும் சரவிளக்கு, தரையில் சித்திரம் தீட்டிய மஜோலிக்கா ஓடுகள். அண்ணாந்து பார்த்தால் கூரை ஒன்றல்ல, இரண்டு. கீழ்க்கூரை பெரிய பெரிய ஓட்டைகளோடு சரிகை பின்னியதுபோல் வளைந்திருக்கிறது. அந்த ஓட்டைகள் வழியே மேலே இன்னொரு கூரை, அதில் ஓவியங்கள். ஆந்த்ரேயா ஜிகாந்தே என்ற கட்டடக் கலைஞரின் வேலை. எங்கே முடிகிறது என்று கண்ணால் தீர்மானிக்க முடியாத ஒரு கூடம்.

அண்ணன் மேலே பார்த்தார். பிறகு சுவர்களைப் பார்த்தார். முகம் இறுகியது.

“நாலு பக்கமும் கண்ணாடி. மேல ஒரு லைட்டு கட்ட முடியாது. கேமராவ எங்க வச்சாலும் கேமராவே தெரியும். இதுல எவன் தம்பி படம் எடுப்பான்?”

எடுத்தவர் ஜூசெப்பே ரோத்துன்னோ. எடுத்தது டெக்னிராமா என்னும் முறையில். அதில் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் வழக்கம்போல் மேலிருந்து கீழாக ஓடாமல் பக்கவாட்டில் ஓடும். ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளைக்குப் பதில் எட்டுத் துளை நீளம் செலவாகும். நெகட்டிவ் பெரிதாவதால் விசிறியின் மடிப்பும், பூ அலங்காரத்தில் வாடிய ஒற்றை இதழும் துல்லியமாகப் பதியும். அதற்கு விலையாகக் கேமரா கனக்கும். இந்தக் கனமான இயந்திரத்தை இந்தக் கூடத்தில் எங்கே நிறுத்துவது என்று அண்ணனோடு சேர்ந்து யோசித்தபோதுதான், இத்தனை வருஷமாகப் பார்த்தும் எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றியது. நிறுத்தத் தோதான இடம் கதவுதான். கதவில் நின்றால் முன்னால் முழுக்கூடமும் கிடைக்கும், முதுகுக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கும், கண்ணாடியிலும் மாட்டிக்கொள்ளாமல் தப்பலாம்.

அன்று இரவு விடுதி அறையில் மடிக்கணினியில் படத்தை மறுபடி ஓட்டினோம். ஆடுபவர்களை ஏதோ ஒரு நிலைவாசலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறோம். முன்னால் யாருடைய முதுகாவது மறைக்கிறது. யாரோ குறுக்கே போகிறார்கள். கேமரா தலையைத் திருப்புகிறது; ஆட்டத்தை விட்டுவிட்டு, உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் பெண்களைப் பார்க்கிறது. அங்கிருந்து கதாநாயகனான சலீனா பிரபு எழுந்து அடுத்த அறைக்குப் போனால் அவர் பின்னால் போகிறது. நடனக் காட்சி என்று நாம் சொல்கிறோமே தவிர, அந்த முக்கால் மணி நேரத்தில் நடனம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஒரு மனிதர் அறை அறையாக நடப்பது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860இல் கரிபால்தி சிசிலியில் இறங்குகிறார், இத்தாலி ஒன்றாகிறது, பழைய பிரபுக்களின் காலம் முடிகிறது. சலீனா பிரபுவுக்கு இது புரிகிறது. தன் மருமகன் தன்க்ரேதிக்கு, புதுப்பணக்காரனான செதாராவின் மகள் ஆஞ்சேலிக்காவைப் பேசி முடிக்கிறார். அந்தப் பெண்ணைப் பெரிய மனிதர்களின் உலகத்துக்கு அறிமுகப்படுத்தும் விருந்துதான் இது. பிரபுவாக பர்ட் லங்காஸ்டர், தன்க்ரேதியாக அலென் தெலோன், ஆஞ்சேலிக்காவாக கிளாவ்தியா கார்தினாலே என மூவருமே அப்போது பேர்போனவர்கள். கூட்டத்தில் நிற்பவர்களில் பலர் பலெர்மோவின் நிஜப் பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தங்கள் கொள்ளுத் தாத்தாக்களாகவே அவர்களை நடிக்கவைத்தார் விஸ்கோந்தி. அவரே மிலானின் பழைய பிரபு வம்சத்தவர், கூடவே கம்யூனிஸ்ட். இந்த முரண்பாட்டைப் பற்றி இத்தாலியர்கள் அறுபது வருஷமாக எழுதித் தீர்க்கவில்லை. நான் அதற்குள் போகப்போவதில்லை.

படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ஜூசெப்பே தொமாஸி தி லாம்பெதூசாவும் இந்த ஊர்ப் பிரபுதான். 1957இல் இறந்துபோனார், புத்தகம் அச்சில் வந்தது 1958இல். மறுநாள் காலை அவருடைய பூர்வீக மாளிகை இருந்த தெருவுக்குப் போனோம். 1943 ஏப்ரலில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அது சிதைந்தது. நெடுங்காலம் இடிபாடாகவே கிடந்து, இப்போது எடுத்துக் கட்டி அடுக்ககமாக்கியிருக்கிறார்கள். வாசலில் அழைப்பு மணிகளின் வரிசை. கால்ஸாவிலும் இந்த வடு நிறைய இருக்கிறது. பியாத்ஸா மஜோனே என்ற புல்வெளியில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். நகரத்தின் நெரிசலான நடுப்பகுதியில் இவ்வளவு வெட்டவெளி எப்படி என்று கேட்டால், குண்டு என்பதுதான் பதில்.

நாவலில் விருந்து அத்தியாயத்தில், கூரையில் சாய்ந்திருக்கும் சித்திரத் தெய்வங்களைப் பற்றிச் சொல்லும்போது, கதை நடக்கும் 1862இலிருந்து ஒரே தாவலில் 1943க்கு வந்து, அமெரிக்காவில் தயாரான ஒரு குண்டு அந்தத் தெய்வங்களின் அமரத்துவத்தைப் பொய்யாக்கப்போகிறது என்கிறார் லாம்பெதூசா. எழுத்தில் இது ஒரு வாக்கியத்து வேலை. சினிமாவில் எப்படிச் செய்வது? ஃபிளாஷ்பேக்கைத் திருப்பிப்போட்டு குண்டு விழுவதையா காட்ட முடியும்? விஸ்கோந்தி அப்படி எதுவும் செய்யவில்லை. அந்தத் தெய்வங்கள் விழாமல் தப்பிய ஒரு வீட்டைத் தேடிப்பிடித்து, அதற்குள் ஒருவரை நடக்கவிட்டார். இரட்டைக் கூரைக்குக் கீழே நின்றபோது எனக்கு அப்படித்தான் பட்டது.

படப்பிடிப்பு 1962 கோடையில். சிசிலியின் கோடை நம் அக்கினி நட்சத்திரத்துக்குச் சளைத்ததல்ல. விளக்குகளின் சூடும் மெழுகுவர்த்திகளின் சூடும் சேர, பகலில் எடுக்க வழியில்லாமல், மாலையில் தொடங்கி விடியும்வரை இரவு வேலையாகவே எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள், உருகினால் அடுத்த ஷாட்டுக்குள் மாற்றவேண்டும், இல்லையேல் தொடர்ச்சி கெடும். பியேரோ தோஸி வடிவமைத்த உடைகள் கனமானவை. நாவலில் விருந்து நடப்பது நவம்பர் மாதத்தில். படத்திலோ பெண்கள் விசிறியைக் கீழே வைப்பதே இல்லை. ஆண்கள் கழுத்தைத் துடைத்தபடி நிற்கிறார்கள். நவம்பரில் இத்தனை வியர்வையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் புழுக்கம் நடிப்பல்ல. ஆனால் அது கதைக்கு வேண்டிய புழுக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வர்க்கத்துக்கே மூச்சுத் திணறுகிறது.

“செட்டா இருந்தா மேல திறந்திருக்கும், சூடு போயிரும்,” என்றார் அண்ணன். “லைட் பாய்ங்க பரண் மேல இருப்பாங்க. இங்க சூடு எங்க போகும்? நின்னவன் தலையிலதான் நிக்கும்.”

நடனக் காட்சிக்கென்று கட்டிய இடங்களில் வளர்ந்த கண் நம்முடையது. ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டி நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மினியும் வைஜெயந்திமாலாவும் ஆடும் அந்த அரண்மனை, ஆட்டத்துக்காகவும் கேமராவுக்காகவும் எஸ்.எஸ். வாசன் போட்டது. ஆடுபவர்தான் மையம், அறை அவர்களுக்குப் பின்புலம். அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த இருவரையும் விட்டுவிட்டு எந்தக் கேமராவாவது பக்கத்து அறைக்குப் போகுமா? போனால் ரசிகர்கள் நாற்காலியை உடைத்திருப்பார்கள். பி.எஸ். வீரப்பாவின் குரல்கூட மண்டபத்துக்குள்ளிருந்துதான் வரவேண்டும். விஸ்கோந்திக்குத் தேவைப்பட்டது வேறு. ஆட்டத்திலிருந்து விலகிப் போகிறவர்தான் அவருடைய நாயகன். அதனால் விலகிப் போக அறைகள் வேண்டியிருந்தன.

எந்தெந்த அறைகள் என்று பாருங்கள். ஓர் அறையில் இளம்பெண்கள் கும்பலாகத் திண்டின்மேல் குதித்துக் கூச்சலிடுகிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்து வந்த குடும்பங்களின் விளைச்சல் அது என்று சலித்து, அவர்களைக் குரங்குகள் என்கிறார் பிரபு. இன்னோர் அறையில் கர்னல் பல்லவிச்சீனோ, அஸ்ப்ரோமோந்தேயில் கரிபால்தியைத் தன் ஆட்கள் சுட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1862 ஆகஸ்ட் கடைசியில் நடந்த அந்தச் சண்டை விருந்துக்காரர்களுக்கு அப்போது புதுச் செய்தி. நூலகத்தில் ஆள் இல்லை. அங்கே க்ரூஸ் வரைந்த, மரணப் படுக்கையைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் ஓவியத்தின் பிரதி மாட்டியிருக்கிறது. அதன்முன் உட்கார்ந்து பிரபு தன் சாவை ஒத்திகை பார்க்கிறார்: போர்வை இவ்வளவு சுத்தமாக இருக்குமா? தன் பெண்கள் இப்படித்தான் அழுவார்களா? பிறகு முகம் கழுவும் அறை. கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார், கண்ணில் நீர். பக்கத்திலேயே, நிறைந்த மூத்திரப் பானைகள் வரிசையாக வைத்த சிற்றறை கதவு திறந்து கிடக்கிறது. பொன்முலாம் பூசிய கூடத்துக்கும் அந்தப் பானைகளுக்கும் நடுவில் சில எட்டுகள்தான் தூரம். இதைச் சொல்ல விஸ்கோந்திக்கு வசனம் தேவைப்படவில்லை, நடந்தாலே போதும்.

இத்தனை அறைகளையும் இசை ஒட்டவைக்கிறது. நீனோ ரோத்தா எழுதிய மசூர்க்கா, போல்கா, குவாத்ரீல் எல்லாம் சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்கு நடனம் தெரியாத நேரத்திலும் காதுக்கு அது ஓயவில்லை. நூலகத்தில் அவர் சாவை நினைத்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் யாரோ காலைத் தட்டி ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஒரே கூடத்தை மட்டும் காட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது.

பிறகு அந்த வால்ட்ஸ். நூலகத்துக்கு அவரைத் தேடி வந்து, தன்னோடு ஒரு மசூர்க்கா ஆடும்படி ஆஞ்சேலிக்கா கேட்கிறாள். மசூர்க்காவுக்குத் தனக்கு வயதாகிவிட்டது என்ற தோரணையில் அவர் வால்ட்ஸுக்கு ஒப்புக்கொள்கிறார். இருவரும் கூடத்துக்குள் நடந்து வருகிறார்கள். வெள்ளை உடுப்பில் அவள், கறுப்புக் கோட்டில் அவர். வாசிப்பது வெர்தியின் வால்ட்ஸ், அதுவரை வெளியே தெரியாமல் இருந்தது. படத்தின் எடிட்டர் மரியோ செராந்த்ரேயி பழம்புத்தகக் கடையொன்றில் அதன் கையெழுத்துப் பிரதியை வாங்கிவந்து கொடுக்க, ரோத்தா அதை வாத்தியக் குழுவுக்காக எழுதினார்.

இந்த இடத்தில் நம் ஊரில் ரவுண்ட் ட்ராலி போடுவார்கள். ஆடும் ஜோடியை நடுவில் நிறுத்தி, சுற்றி வட்டத் தண்டவாளம் போட்டு, கேமராவை ஓடவிடுவது. பார்ப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும். காதல் என்று புரிந்துகொள்வோம். இதைவிட நயமாகவும் செய்தவர்கள் உண்டு. மாக்ஸ் ஒஃபுல்ஸ் 1953இல் எடுத்த ‘மதாம் தெ’ படத்தில் டானியேல் தாரியூவும் வித்தோரியோ தெ சீக்காவும் ஆடும்போது கேமராவும் கூடவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு விருந்து மறைந்து அடுத்த விருந்தாகிறது. உடுப்பு மாறுகிறது, ஆட்டம் நிற்பதில்லை. கடைசியில் வேலைக்காரர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். ஒஃபுல்ஸின் கேமரா அந்தக் காதலில் மூன்றாவது ஆள்.

விஸ்கோந்தியின் கேமரா அப்படி ஆடவில்லை. பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து திரும்புகிறது, பார்த்துக்கொண்டு நிற்கும் விருந்தாளியின் கழுத்து திரும்புகிற வேகத்தில். மற்ற ஜோடிகள் மெல்ல ஒதுங்குகின்றன. தரை காலியாகிறது. அந்த நெரிசலான வீட்டில், அவ்வளவு நேரம் கழித்து, முதல்முறையாக இடம் கிடைக்கிறது. இதற்காகத்தான் அத்தனை நேரமும் முதுகுகளையும் விசிறிகளையும் தாண்டித் தாண்டிப் பார்க்கவைத்தார் என்று அப்போது விளங்கும். நெரிசலைப் பழக்கியபிறகுதான் வெற்றிடம் பெரிதாகத் தெரியும். பகலில் சின்னதாகத் தெரிந்த கூடம் திரையில் ஏன் அத்தனை பெரியது என்ற குழப்பமும் எனக்கு அங்கேதான் தீர்ந்தது.

ஓரத்தில் தன்க்ரேதி நிற்கிறான். மாமா தனக்குப் பேசிய பெண்ணோடு ஆடுவதைப் பார்க்கும் அவன் முகத்தில் பொறாமை. கேமரா அவனிடம் ஒரு கணம் போய்விட்டுத் திரும்புகிறது. கட்டிளங்காளையான தெலோனை நிற்கவைத்து, ஐம்பதை நெருங்கும் லங்காஸ்டரை ஆடவிட்டிருக்கிறார். ஆட்டம் முடிகிறது, சில நிமிடங்கள்தான். இளையவர்கள் தங்களோடு சாப்பிட வரும்படி கூப்பிட, பிரபு நயமாக மறுத்துவிட்டு விலகுகிறார். விடியும் நேரத்தில் மிச்சமிருக்கும் இளைஞர்கள் கைகோத்துச் சங்கிலியாக அறை அறையாக ஓடுகிறார்கள். இத்தனை நேரம் அவர் மட்டும் மெதுவாக நடந்த அதே வழியில் இப்போது கும்பல் ஓடுகிறது; அவர் ஒதுங்கி வழிவிடுகிறார்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணன் பானெல்லேயை மென்றுகொண்டிருந்தார். கடலைமாவைக் கிளறிப் பரப்பி, வெட்டி எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். நம் பஜ்ஜிக்குப் பெரியப்பா வீட்டுப் பிள்ளை. எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும். பல்லாரோ சந்தையில் அதை வாங்கிக்கொண்டு நடந்தால் பலெர்மோவின் மற்ற எல்லாக் குற்றங்களையும், முக்கியமாக நடைபாதையில் ஏறிவரும் மோட்டார் வண்டிகளையும், மன்னித்துவிடலாம்.

அங்கிருந்து சிமின்னாவுக்குப் போனோம். பலெர்மோவுக்குத் தென்கிழக்கே, மலைமேல் இருக்கும் சிற்றூர். படத்தில் பிரபுவின் கோடைக்கால ஊரான தோன்னாஃபுகாத்தா இதுதான். தேவாலயமும் அதன்முன் சதுக்கமும் படத்தில் பார்த்தபடியே இருக்கின்றன. பிரபுவின் அரண்மனை மட்டும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. படத்துக்காக முகப்பை மட்டும் கட்டி, எடுத்து முடித்ததும் பிரித்துவிட்டார்கள். அந்த அரண்மனையின் உட்புறம் எங்கே என்றால், கடல் தாண்டி, ரோமுக்குப் பக்கத்தில் அரிச்சாவில் உள்ள பலாத்ஸோ கீஜி. தன்க்ரேதியும் ஆஞ்சேலிக்காவும் யாரும் புழங்காத அறைகளில் ஒருவரை ஒருவர் துரத்தித் திரிவது அங்கே. சலீனா குடும்பம் படத்தின் தொடக்கத்தில் ஜெபமாலை சொல்லும் வீடு மூன்றாவது இடம், பலெர்மோவின் ஓரத்தில் உள்ள வில்லா போஸ்கோக்ராந்தே. சிமின்னாவில் வாசற்படி ஏறினால் அரிச்சாவில் கதவு திறக்கும். சினிமாவில் இது சகஜம். வடபழனி வீட்டு வாசலில் நுழைந்து ஊட்டி பங்களாவின் ஹாலுக்குள் வராத கதாநாயகன் உண்டா?

ஆனால் சிமின்னா சதுக்கத்தில் அந்த இல்லாத அரண்மனைக்கு எதிரே நின்றபோது, விருந்துக்கு மட்டும் விஸ்கோந்தி ஏன் ஒரே வீட்டைப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்கு உறுதியாயிற்று. மற்ற இடங்களில் வெட்டி ஒட்டலாம். அங்கே பாத்திரங்கள் ஒரு வேலையாகப் போகிறார்கள். போய்ச் சேர்ந்தால் போதும். விருந்தில் பிரபுவுக்குப் போகவேண்டிய இடம் ஒன்றும் இல்லை. அவர் போகும் வழிதான் காட்சி. அறையும் அறையும் நிஜமாகவே ஒட்டியிருந்தால்தான் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் நம் உடம்பில் ஏறும். களைப்பு நம்மையும் தொற்றும்.

நாவலில் இந்த விருந்துக்குப் பிறகு இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒன்று 1883இல் பிரபுவின் மரணம். நாவலின் உச்சம் என்று பலரும் சொல்வது. அடுத்தது 1910இல், கிழவிகளாகிவிட்ட அவருடைய பெண்களைப் பற்றியது. விஸ்கோந்தி இரண்டையும் எடுக்கவில்லை. விருந்து முடிந்து, விடியலில் பிரபு தனியாக நடந்து போகிறார். நோயாளிக்கு நற்கருணை கொண்டுபோகும் பாதிரியைக் கண்டு தெருவில் மண்டியிடுகிறார். எங்கோ துப்பாக்கிச் சத்தம். ஒரு சந்துக்குள் நுழைகிறார். படம் முடிந்தது. மரண அத்தியாயத்தை விட்டது துணிச்சல் அல்ல, அது தேவைப்படவில்லை என்பது என் கட்சி. அந்த நடையிலேயே அது எடுக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் அத்தனை நீளம்.

திரும்பும் பேருந்தில் இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“எல்லாம் சரி. ஆனா இருபது நிமிஷம் கூட. நான் சொல்றது ப்ரொட்யூசரா இல்ல, டிக்கெட் வாங்கினவனா.”

அமெரிக்கக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்றேன். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அங்கே வெளியிட்டபோது 161 நிமிடமாகக் குறைத்து, ஆங்கிலத்தில் குரல் கொடுத்து, வேறு வண்ணமுறையில் பிரதி எடுத்தார்கள். விஸ்கோந்தி அதைத் தன் படமாக ஏற்கவே இல்லை.

“பாத்தியா? வெட்டணும்னு வந்தா எவனும் முதல்ல நடக்குற ஷாட்லதான் கை வைப்பான். பாட்டுல கை வைக்க மாட்டான்.” கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த புல்மேடுகள். பிறகு திடீரென்று திரும்பினார்.

“அந்த வால்ட்ஸ் நோட்ட பழைய கடையில வாங்கினது யாருன்னு சொன்ன?”

“எடிட்டர்ண்ணே. செராந்த்ரேயி.”

“அப்புறம் எப்படிய்யா நீளம் குறையும்? சொந்தக் காசுல வாங்கின பாட்ட எந்த எடிட்டர் வெட்டுவான்?”